சோஃபாவுக்கு பேஸ் ஷேக்கர் மாட்டுறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ் ஷேக்கர்ங்கறது படத்தோட பேஸுக்கு ஏத்த மாதிரி சீட்ட ஆட்டற ஒரு சின்ன கருவி. ஆசையா அத வாங்கி சோஃபாவுக்கு அடியில மாட்டின நிறைய பேர் கொஞ்ச நாள்லயே அத ஆஃப் பண்ணி வெச்சுடறாங்க. கேட்டா எப்பப் பாத்தாலும் ஆடிக்கிட்டே இருக்கு, எரிச்சலா இருக்குன்னு சொல்வாங்க. எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா சரியா செட் பண்ணின ஷேக்கர் தர்ற சுகத்த அவங்க ஒரு தடவகூட அனுபவிச்சிருக்க மாட்டாங்க. படத்துல ஒரு கனமான கதவு டமால்னு சாத்துதுன்னா முதுகுல ஒரு சின்ன தட்டு விழணும், அடுத்த நொடி அடங்கிடணும், நமக்கு அது சோஃபாவுல இருந்து வந்ததுன்னே தோணக்கூடாது. அந்த இடத்துக்குப் போய்ச் சேராததுக்குக் காரணம் பெரும்பாலும் ஃபில்டர், லெவல், மாட்டின விதம் இந்த மூணுலதான் இருக்கும், வாங்கின பொருள்ல இருக்கறது ரொம்ப கம்மி.

இது எப்படி வேல செய்யுதுன்னு ஒரு நிமிஷம் பாத்துடுவோம், அப்பதான் மத்ததெல்லாம் புரியும். சாதாரண ஸ்பீக்கர்ல காயில் ஒரு கோனத் தள்ளும், கோன் காத்தத் தள்ளும். ஷேக்கர்ல கோன் கிடையாது, உள்ள ஒரு கனமான எடை ஸ்ப்ரிங்ல தொங்கிக்கிட்டு இருக்கும், அனேகமா காந்தமேதான் அந்த எடை. சிக்னல் வந்தா அது ஆடும், அந்த ஆட்டம் அப்படியே சோஃபா ஃப்ரேமுக்குப் போகும். ஸ்ப்ரிங்கும் எடையும் சேர்ந்த எதுக்குமே தனக்குன்னு ஒரு ரெசனன்ஸ் உண்டு, அந்த ஃப்ரீக்வன்சி வந்துச்சுன்னா மத்தத விட பல மடங்கு அதிகமா ஆடும். டேட்டன் ஆடியோ, ஆரா இவங்களோட சின்ன வட்ட ஷேக்கர்ல எல்லாம் இது சுமார் 40 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். இந்த 40-ஐ ஞாபகம் வெச்சுக்குங்க.

இப்ப மொத தப்பு, எல்லாத்துலயும் பெரிய தப்பு, ஃபில்டரே போடாம விடறது. ரிசீவரோட சப் அவுட்ல, அதாவது சப்வூஃபருக்குன்னு பேஸ் மட்டும் வர்ற இடத்துல, ஒண்ண ரெண்டாப் பிரிக்கற ஒரு ஒய் கேபிள் போட்டு ஒண்ணு சப்வூஃபருக்கு ஒண்ணு ஷேக்கர் ஆம்புக்குன்னு குடுத்துட்டு வேல முடிஞ்சுதுன்னு நெனச்சுடறாங்க. அந்த அவுட்ல என்னென்ன வருதுன்னு யோசிங்க. 5.1-ல இருக்கற அந்த .1, அதாவது அடி பேஸுக்குன்னே தனியா இருக்கற எல்எஃப்இ சேனல், 120 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். அது போக மத்த ஸ்பீக்கரை எல்லாம் ரிசீவர்ல ஸ்மால்னு வெச்சு, எதுக்குக் கீழ பேஸ சப்புக்கு அனுப்பணும்ங்கற கிராஸ்ஓவர 80 ஹெர்ட்ஸ்ல வெச்சிருந்தீங்கன்னா சென்டர் ஸ்பீக்கரோட பேஸும் இதே வழியாத்தான் வரும். கிராஸ்ஓவர்ங்கறது அந்த இடத்துல பட்டுன்னு நிறுத்தாது, மெதுவாத்தான் சரிச்சுக் குறைக்கும், அதனால 100 ஹெர்ட்ஸ்ல இருக்கறதும் கொஞ்சம் கசியும். ஆம்பளக் குரலோட அடி ஸ்வரம் அனேகமா 85 ஹெர்ட்ஸ்லயே ஆரம்பிச்சுடும். விளைவு என்னன்னா ஹீரோ சும்மா உக்காந்து பேசினாலே உங்க சீட்டு உர்ருங்குது, செய்தி வாசிச்சாலும் உர்ருங்குது. இதுக்கு மேல இன்னொண்ணும் இருக்கு, நம்ம தோலுக்குள்ள இருக்கற அதிர்வு உணரிகள் 250 ஹெர்ட்ஸ் பக்கத்துலதான் ரொம்ப கூர்மையா வேல செய்யும், அதனால மேல் ஃப்ரீக்வன்சி கொஞ்சூண்டு கசிஞ்சாலும் அது நமக்குப் பெருசாத் தெரியும், அடி பேஸ் குடுக்கற அந்த ஆழமான அசைவு இந்த எரிச்சல்ல காணாமப் போயிடும்.

அதனால ஷேக்கருக்குன்னு தனியா ஒரு லோ பாஸ், அதாவது ஒரு அளவுக்கு மேல உள்ள ஃப்ரீக்வன்சிய வெட்டற ஃபில்டர், கட்டாயம் வேணும். 50 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிங்க, ஸ்லோப், அதாவது அது எவ்வளவு செங்குத்தா வெட்டுதுங்கறது, 24 டிபி இருந்தா நல்லது, அப்புறம் பேச்சு மட்டும் வர்ற ஒரு சீனைப் போட்டு சீட்டுல உள்ளங்கைய வெச்சுப் பாருங்க. கைக்கு எதுவும் தெரியக்கூடாது. தெரிஞ்சா 45, 40ன்னு இறக்குங்க. டெனான், மராண்ட்ஸோட புது ரிசீவர் சிலதுல டாக்டைல் ட்ரான்ஸ்டியூசர்னு ஷேக்கருக்குன்னே தனி செட்டிங்கே வந்துடுச்சு, அதுலயே லோ பாஸ் வெச்சுக்கலாம். அது இல்லாதவங்க மினிடிஎஸ்பி மாதிரி ஒரு டிஎஸ்பி, அதாவது சிக்னல டிஜிட்டலா ஃபில்டர் பண்ற பெட்டி, வாங்கலாம், இல்லன்னா பெஹ்ரிங்கர் என்எக்ஸ் வரிசைல பேர் கடைசில டி போட்டு வர்ற மாடல், அதுல ஆம்புக்குள்ளயே டிஎஸ்பி இருக்கு. என் கருத்து என்னன்னா பெரிய ஷேக்கர் வாங்க வெச்சிருக்கற காசுல பாதிய டிஎஸ்பிக்கு ஒதுக்கிட்டு சின்ன ஷேக்கர் வாங்கினாலும் ரிசல்ட் நல்லா இருக்கும். பட்கிக்கர் எல்எஃப்இ 5 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும்னு போட்டிருக்காங்க, உண்மைலயே அருமையான சாமான்தான், ஆனா ஃபில்டர் இல்லாம போட்டா அதுவும் உங்கள கடுப்புதான் ஏத்தும்.

சின்ன ஷேக்கருக்கு கீழ்ப்பக்கமும் ஒரு ஃபில்டர் போடணும். ரொம்ப அடியில, 15 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாம் அத ஓட்ட முயற்சி பண்ணா உள்ள இருக்கற எடை அதோட எல்லை வரைக்கும் போய் இடிக்கும், டக்டக்னு ஒரு உலோகச் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டா உடனே குறைச்சுடுங்க, அப்படியே விட்டா ஷேக்கர் போயிடும்.

அடுத்தது அந்த 40 ஹெர்ட்ஸ் சமாச்சாரம். ஃபில்டர் எல்லாம் சரியா இருந்தும் குண்டு வெடிச்சாலும் ஒரே ஆட்டம், லாரி போனாலும் அதே ஆட்டம், ட்ரம் அடிச்சாலும் அதே ஆட்டம்னு தோணுச்சுன்னா காரணம் ரெசனன்ஸ்தான். எந்த சீன் வந்தாலும் ஷேக்கர் தனக்குப் பிடிச்ச அந்த ஒரு ஃப்ரீக்வன்சிலதான் அதிகமா ஆடுது. இதக் கண்டுபிடிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஃபோன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு அத ரிசீவருக்குக் குடுத்து 20, 25, 30, 35, 40, 45, 50ன்னு ஒவ்வொண்ணா ஒரே வால்யூம்ல ஓட விட்டு, சப்ப ஆஃப் பண்ணிட்டு, சீட்டுல ஒழுங்கா சாஞ்சு உக்காந்து பாருங்க. சப்ப ஆஃப் பண்றது முக்கியம், இல்லன்னா காது சொல்றத உடம்பு சொல்றதா நெனச்சுப்போம். எங்க திடீர்னு எகிறுதோ அந்த இடத்துல டிஎஸ்பில 6 டிபி குறைச்சுட்டு திரும்ப ஓட்டிப் பாருங்க, பத்தலன்னா இன்னும் குறைங்க. சோஃபாவோட மரச்சட்டமும் ஆள் எடையும் சேர்ந்து அந்த இடத்த கொஞ்சம் நகர்த்தும், அதனால டேட்டா ஷீட்ல போட்டிருக்கற நம்பர அப்படியே நம்பி கட் பண்ணாதீங்க, ஆள் உக்காந்தபடிதான் டெஸ்ட் பண்ணணும். இந்த ஒரு வேலைய செஞ்சதுக்கப்புறம் ஹெலிகாப்டருக்கும் இடிக்கும் சீட்டுல வித்தியாசம் தெரியும் பாருங்க, அங்கதான் இந்த பொழுதுபோக்கே ஆரம்பிக்குது.

லெவல் பத்தி ஒரே விஷயம். புதுசா மாட்டின குஷில எல்லாருமே ஏத்திதான் வைப்பாங்க, அது தப்பில்ல, ஆனா அப்படியே விட்டுடாதீங்க. நாலஞ்சு படம் பாத்ததும் கொஞ்சம் குறைங்க, இன்னும் நாலு படம் பாத்துட்டு இன்னும் கொஞ்சம் குறைங்க. பக்கத்துல உக்காந்து படம் பாக்கறவங்களுக்குத் தெரியாம ஷேக்கர ஆஃப் பண்ணிப் பாருங்க, என்னமோ குறையுதேன்னு அவங்க சொன்னா லெவல் சரி, அப்பாடான்னு சொன்னா ரொம்ப அதிகம்.

மாட்டுற இடத்துக்கு வருவோம். சோஃபாவக் கவுத்துப் போட்டு அடித்துணியக் கிழிச்சதும் கண்ணுல படற மொத பிளைவுட்லயே ஸ்க்ரூ ஏத்திடறவங்க அதிகம். மெல்லிசு பிளைவுட் பறை கணக்கா சத்தம் போடும், சீட்டுக்கு அசைவு போகாது. கால் இணையற கனமான சட்டம், இல்லன்னா ரெண்டு பக்கச் சட்டத்துக்கு நடுவுல நீங்களே குறுக்க போட்ட ஒரு நல்ல மரக்கட்டை, அதுலதான் மாட்டணும். அதோட முடிஞ்சுதான்னா இல்ல, சோஃபா கால் நேரா கான்க்ரீட் தரையில உக்காந்திருந்தா தரை அத அசைய விடாது, அதிர்வுல பாதி வீணாப் போகும். மரத்தளமா இருந்தா நேர் எதிர், அதிர்வு முழுக்க கீழ் ரூமுக்கு இறங்கும். ரெண்டுக்குமே மருந்து ஒண்ணுதான், ஒவ்வொரு காலுக்கு அடியிலயும் ரப்பர் ஐசொலேட்டர். இது ஏதோ ஆப்ஷனல் சாமான்னு நெனச்சு விட்டுடறாங்க, போட்டுப் பாத்தா அதே ஆம்ப் அதே லெவல்ல சீட்டு எவ்வளவு உயிரோட இருக்குன்னு தெரியும். ராத்திரில சப்ப குறைச்சுட்டு ஷேக்கர மட்டும் வெச்சு படம் பாக்கலாம்னு நெனைக்கறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஷேக்கர் காத்துல சத்தம் போடலேன்னாலும் தரை வழியா கீழ் வீட்டுக்கு நல்லாவே போகும்.

ரிக்ளைனரா இருந்தா மாட்டுறதுக்கு முன்னாடி முழுசா சாய்ச்சு, முழுசா மடக்கி, கம்பி எல்லாம் எங்கெங்க வந்து போகுதுன்னு கையில டார்ச் வெச்சுக்கிட்டு பாத்துடுங்க. ஒயர் அந்த இரும்புக் கத்திரிக்கோல் அமைப்புக்கு நடுவுல மாட்டி நசுங்கினா ஷார்ட் ஆகி ஆம்ப் போயிடும். ஒயர அசையாத சட்டத்தோட சேர்த்துக் கட்டி, அசையற இடத்துல கொஞ்சம் தளர்வா விடுங்க. சோஃபாவுக்கு வாரன்ட்டி இருந்தா ஓட்டை போடறதுக்கு முன்னாடியே அந்தப் பேப்பரப் படிச்சுடறது நல்லது.

ஒரே நீள சோஃபாவுக்கு ரெண்டு ஷேக்கர் மாட்டி, ஒண்ணு மாட்டினப்ப இருந்த அளவுகூட இப்ப இல்லையேன்னு குழம்பறவங்க உண்டு. அனேகமா ஒண்ணோட பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். ஒண்ணு மேல போறப்ப இன்னொண்ணு கீழ போகுது, ரெண்டு பேர் ஒரு வண்டிய எதிரெதிர் பக்கம் நின்னு தள்ளின கதைதான். ஒரு ஷேக்கரோட ஒயர மட்டும் மாத்திப் போட்டு நடுவுல உக்காந்து பாருங்க, எது பலமா இருக்கோ அதுதான் சரி.

ஆம்ப் விஷயத்துல ஓம்ஸ் கணக்கப் பாக்காம இணைக்காதீங்க. ஷேக்கர் நிறைய 4 ஓம்ஸ்தான், ரெண்ட பேரலல்ல போட்டா 2 ஓம்ஸ் ஆயிடும், பல ஆம்ப் அதத் தாங்காது, சூடாகி ப்ரொடெக்ஷனுக்குப் போகும். சீரிஸ்ல போட்டா 8 ஓம்ஸ், பாதுகாப்பு, ஆனா பவர் குறையும், அதுக்கேத்த ஆம்பா எடுங்க. ரிசீவர்ல சும்மா கிடக்கற சரவுண்ட் பேக் ஸ்பீக்கர் அவுட்ல ஷேக்கரக் குடுக்கறதும் வேண்டாம், அதுல எல்எஃப்இ வராது, பின்னாடி சேனலோட சத்தம்தான் வரும். 50 வாட்ஸ் ஷேக்கருக்கு 50-ஐத் தொட்டாலே திணறி கிளிப் ஆகற, அதாவது அலைய வெட்டிச் சிதைக்கற, ஆம்ப விட, கொஞ்சம் பெருசா எடுத்து குறைச்சு வெச்சு ஓட்டறது நல்லது, சோஃபாவுக்குள்ள காத்தோட்டம் இல்லாத இடத்துல காயில் சூடு ஏறினா இறங்க நேரமாகும்.

ஆட்டோ கேலிப்ரேஷன், அதாவது ரிசீவர் மைக் வெச்சு ரூம அளந்து தானே செட் பண்ணிக்கறது, அத ஓட்டுறப்ப ஷேக்கர் ஆம்ப் கண்டிப்பா ஆஃப்ல இருக்கணும். ஆடிஸி, டிராக், வைபேஓ எதுவா இருந்தாலும் சப்புக்கு டோன் விடறப்ப சீட்டும் ஆடினா, மைக் ஸ்டாண்டு அந்த ஆட்டத்தையும் வாங்கிக்கிட்டு கணக்க கெடுக்கும். ரெண்டாவது சப் அவுட்ல ஷேக்கர மாட்டிட்டு ரெண்டு சப் இருக்குன்னு ரிசீவர்கிட்ட சொல்றதும் சிக்கல், ரூம்ல சத்தமே வராத ஒரு சப்ப அது தேடிக்கிட்டு எர்ரர் குடுக்கும், இல்லன்னா லெவல கன்னாபின்னான்னு ஏத்திடும். கேலிப்ரேஷன் முடிஞ்சதும் சப் ட்ரிம், அதாவது சப்போட லெவல், மாறியிருக்கும், ஒய் கேபிள்ல இருக்கறவங்களுக்கு ஷேக்கர் லெவலும் கூடவே மாறியிருக்கும், அதையும் திரும்ப சரி பண்ணணும்.

டைமிங் பத்தி ரொம்ப பயப்படத் தேவையில்ல. சப் 3 மீட்டர் தள்ளி இருந்தா சத்தம் வந்து சேர 9 மில்லிசெகண்ட் கிட்ட ஆகும், ஷேக்கர் அதுக்கு முன்னாடியே ஆடிடும், ஆனா 20 ஹெர்ட்ஸோட ஒரு அலையே 50 மில்லிசெகண்ட் நீளம், அதனால பலருக்கு வித்தியாசம் தெரியாது. டிஎஸ்பில ஷேக்கர அந்த அளவுக்குத் தாமதிக்கற டிலே இருந்தா போட்டுடுங்க, அடி விழறது கூர்மையாகும். வயர்லெஸ் கிட்தான் கவனிக்க வேண்டியது, அது ஷேக்கர பின்னுக்குத் தள்ளும், சிலதுல துப்பாக்கி வெடிச்சு முடிச்சதும் சீட்டு தட்டும், அப்படி இருந்தா ஒயர் இழுத்துடறதுதான் வழி.

படமே ஓடாதப்ப சீட்டுல ஒரு மெல்லிய சீரான நடுக்கம் இருந்தா அது கிரவுண்ட் லூப் ஹம், அதாவது எர்த் இணைப்பு வழியா சிக்னல்ல கலக்கற கரண்ட் உறுமல். காதுக்குக் கேக்காட்டியும் உடம்புக்குத் தெரியும். ரிசீவரையும் ஷேக்கர் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாத்திப் பாருங்க, போகலேன்னா ரிசீவர்ல இருந்து ஆம்புக்குப் போற ஆர்சிஏ ஒயர்ல ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்க. அதுல விலை கம்மியானது சிலது 20 ஹெர்ட்ஸ் பக்கத்து பேஸயும் சேத்து முழுங்கிடும், பாத்து வாங்குங்க. கரண்ட் ப்ளக்ல எர்த் பின்ன எடுத்துட்டு ஹம்ம நிறுத்தறது மட்டும் வேண்டவே வேண்டாம், உக்காந்திருக்கற சீட்டுக்கு அடியில கரண்ட் விளையாட்டு உயிருக்கே ஆபத்து.

கடைசியா ஸ்க்ரூ. ஆடறதுக்குன்னே செஞ்ச சாமான் தன்னையே கழட்டிக்கும், அதுவும் மர ஸ்க்ரூ சீக்கிரம் லூசாகும். முடிஞ்சா போல்ட் நட் போட்டு வாஷரும் நைலான் லாக் நட்டும் சேர்த்து முறுக்குங்க. மொத மாசம் முடிஞ்சதும் ஒரு தடவ கவுத்துப் பாத்து டைட் பண்ணிடுங்க, புதுசா ஒரு கிரகிரப்பு கேக்க ஆரம்பிச்சா ஷேக்கரச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி சோஃபாவோட ஸ்டேப்ள் பின், ஸ்ப்ரிங் கொக்கி, கப் ஹோல்டர் இதெல்லாம் ஒவ்வொண்ணா கைல பிடிச்சு டோன் ஓட்டிப் பாருங்க, அனேகமா அதுல ஒண்ணுதான் பேசிக்கிட்டு இருக்கும்.