சீதன ஓலையிலிருந்து தொடங்குங்கள்: வரலாற்றுப் பாத்திர விளையாட்டுக்குக் கல்யாண விதிகள்

நாங்கள் ஐந்து பேர். சனிக்கிழமை மாலைகளில் திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அருகில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடுகிறோம். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். மற்ற நால்வரும் ஆளுக்கொரு குடும்பத்தை ஏற்று, அந்தக் குடும்பத்து மனிதர்களாகவே பேசி ஆடுவார்கள். இரண்டு பகடைகள், தாள், பென்சில் போதும்.

எங்கள் கதை 1747இல் தொடங்குகிறது. திருகோணமலைக் கோட்டையில் ஒல்லாந்தர் இருக்கிறார்கள். கண்டியில் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அந்த ஆண்டுதான் அரியணை ஏறியிருக்கிறான். திருகோணமலைப் பற்று, தம்பலகாமப் பற்று, கட்டுக்குளப் பற்று, கொட்டியாரப் பற்று என்ற நான்கு பற்றுகளிலும், அதாவது நிர்வாகப் பிரிவுகளிலும், பற்றுக்கு ஒரு வீடு.

முதன்முதலில் நான் நடத்திய ஆட்டத்தில் ஒரே மாலையில் நான்கு கல்யாணங்கள் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீடுகளுக்கும் செல்வாக்கில் இரண்டு புள்ளிகள் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, தாயின் பாத்திரத்தை ஏற்றிருந்த தோழி, "என் மகளைக் கட்டிக்கொடுத்தேனே, அவள் இப்போது எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு தாள்கூட இருக்கவில்லை. கீழே உள்ள விதிகள் அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்தவை. புதிதாக ஆட்டம் நடத்த வருபவர்கள் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தொடங்குமுன் இரண்டு முடிவுகள்

பதினெட்டு வயது நிரம்பாத பாத்திரத்துக்கு எங்கள் மேசையில் கல்யாணம் இல்லை. அக்கால வழக்கம் வேறாக இருந்தது என்பது தெரியும். ஆனால் அதை ஆடிப்பார்க்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. அடுத்தது சாதி. அது மணங்களைக் கட்டுப்படுத்திய உண்மையைக் கதையில் பேசுங்கள். பிறப்பைக் காரணம் காட்டிப் பகடையில் கூடுதல் எண் கொடுக்கும் விதியை மட்டும் எழுதாதீர்கள். அப்படி ஒரு விதி மேசையில் இருந்தால் நான் அங்கே உட்கார மாட்டேன்.

முதற்படி: யார் யாருக்கு முறை?

வீட்டுக்கு ஒரு தாள் எடுத்து, தாத்தா பாட்டி தொடங்கி மூன்று தலைமுறையை வரையுங்கள். யாரை யார் மணக்கலாம் என்பதற்குத் தனி அட்டவணை தேவையில்லை. நம் உறவுச் சொற்களே அட்டவணைதான். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா என்று நீங்கள் அழைப்பவர்களின் பிள்ளைகள் உங்களுக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. அங்கே மணம் இல்லை. மாமா, மாமி என்று அழைப்பவர்களின் பிள்ளைகள் மச்சான், மச்சாள். அங்கே மணம் உண்டு. ஆட்டத்தில் ஐயம் வந்தால், "அவளுடைய அம்மாவை நீ எப்படிக் கூப்பிடுவாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்போதே முறை தெரிந்துவிடும்.

வெருகலுக்குத் தெற்கே இருந்து வந்த வீடு ஒன்று உங்கள் கதையில் இருந்தால் இன்னொரு வரி சேருங்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியாக வருவது. ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. ஆகவே அந்த வீட்டுப் பிள்ளைகளின் தாளில் தாயின் குடியை எழுத வேண்டும்.

இரண்டாம் படி: மணமக்கள் இருவருக்கும் தனித் தாள்

பெயர், வயது, செய்யத் தெரிந்த ஒரு வேலை, மனதில் இருக்கும் ஓர் ஆசை, ஓர் அச்சம். ஐந்து வரிகள் போதும். மணமகளை மேசையில் இருக்கும் ஒருவர் ஏற்றே ஆக வேண்டும். அவர் பெண்வீட்டுத் தலைவராக ஆடுபவராக இருக்கக் கூடாது. தகப்பனும் மகளும் ஒரே வாயால் பேசினால் மகளின் குரல் அடங்கிப்போகும் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மூன்றாம் படி: சொத்து மூன்று பத்தி

இந்த விதிகளின் உயிர் இங்கேதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை (மாவட்ட நிர்வாக அதிகாரி) 1707இல் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்து ஒப்புதல் அளித்தார்கள். அதுவே தேசவழமை. அது யாழ்ப்பாணத்துக்குரியது. திருகோணமலையைக் களமாகக் கொண்ட ஆட்டத்துக்கு அதை இரவல் வாங்குகிறோம் என்பதை மேசையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு தம்பதிக்கும் ஒரு தாளில் மூன்று பத்திகள் கீறுங்கள். கணவன் தன் முன்னோரிடமிருந்து கொண்டுவருவது முதுசம். மனைவி கொண்டுவருவது சீதனம். கல்யாணத்துக்குப் பின் இருவரும் சேர்ந்து தேடுவது தேடியதேட்டம். சொத்தைச் சிறு சீட்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு சீட்டு என்பது ஓர் அவணம் நெல் விதைக்கும் வயலாகவோ, நிலாவெளியில் ஒரு உப்பளமாகவோ, ஒரு தோணியாகவோ, நான்கு எருமைகளாகவோ இருக்கலாம். சீட்டு எந்தப் பத்தியில் வைக்கப்பட்டதோ அங்கேயே இருக்கும். கணவன் கடனில் விழுந்தாலும் சீதனப் பத்தியில் இருக்கும் சீட்டை மனைவியாக ஆடுபவர் சம்மதித்தால்தான் தொடலாம்.

பிரிக்கும்போது என்ன நடக்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தம்பதிக்கு முதுசம் ஆறு சீட்டு, சீதனம் நான்கு, தேடியதேட்டம் மூன்று. பிள்ளைகள் இரண்டு ஆண், ஒரு பெண். தேசவழமை சொல்லும் பழைய வழக்கப்படி தகப்பன் சொத்து ஆண்மக்களுக்கு, தாய் சொத்து பெண்மக்களுக்கு, தேடியதேட்டம் எல்லோருக்கும் சமம். ஆக மகன்களுக்கு ஆளுக்கு நான்கு சீட்டு, மகளுக்கு ஐந்து. அடுத்த தலைமுறையில் பக்கத்து வீடுகள் யாரிடம் பெண் கேட்டு வரும் என்பது இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. பிள்ளை இல்லாமல் மனைவி இறந்தால் சீதனம் அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். எங்கள் ஆட்டத்தில் மிகப் பெரிய சண்டைகள் அந்த ஒரு விதியால்தான் வந்தன. அவை நல்ல சண்டைகள்.

மூதூர் முஸ்லிம் வீடு ஒன்றை யாராவது ஏற்றால், மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹரை அவளுடைய தாளில் எழுதுங்கள். அது அவளுக்கே உரியது.

நான்காம் படி: சம்பந்தம் பேசுதல்

பகடையைத் தள்ளி வைத்துவிட்டு வாயால் பேசுங்கள். பதினைந்து நிமிடம் போதும். இரு வீட்டாரும் நேரடியாகத் தொடங்காமல், மூன்றாவது வீட்டை ஆடுபவர் தரகராகப் போய்வரட்டும். ஊருக்குள் உண்மையில் நடப்பதும் அதுதானே.

சொத்தின் பெயரை மட்டும் சொல்ல விடாதீர்கள். தம்பலகாமத்துப் பெண்வீடு மூன்று சீட்டு வயல் தருவதாகச் சொன்னபோது, கொட்டியாரத்து மாமியாக ஆடியவர், "கந்தளாய்த் தண்ணீர் முதலில் பாயும் வயலா, கடைசியில் பாயும் வயலா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் மேசையே நிமிர்ந்து உட்கார்ந்தது. குளக்கோட்டு மன்னன் ஆடகசவுந்தரியை மணந்த கதையைக்கூட நம் ஊரில் கந்தளாய்க் குளத்தோடு சேர்த்துத்தான் சொல்கிறோம். தண்ணீர் இல்லாத வயலைச் சீதனமாகக் கொடுப்பது எவ்வளவு பெரிய ஏமாற்று என்பதை இங்கே வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பேசி முடித்ததைச் சீதன ஓலையாக எழுதுங்கள். ஒரு நீளமான தாள் துண்டு. எந்தச் சீட்டு, எந்த எல்லை, யார் சாட்சி, எந்த ஆண்டு.

ஐந்தாம் படி: பொருத்தம்

இங்கேதான் பகடை வருகிறது. இரண்டையும் சேர்த்து உருட்டுங்கள். பத்துப் பொருத்தத்தில் எத்தனை பொருந்துகின்றன என்பதே விழும் எண். பத்துக்கு மேல் விழுந்தால் பத்தாகவே கொள்ளுங்கள். ஏழும் அதற்கு மேலும் வந்தால் தடையில்லை. ஐந்தோ ஆறோ வந்தால் ஏதோ ஒரு வீட்டுப் பெரியவர் முகம் சுளிப்பார், அதை ஆடிக்காட்டுங்கள். ஐந்துக்குக் கீழே வந்தால் எந்த வீடும் மரியாதை குறையாமல் பேச்சை முறித்துக்கொள்ளலாம்.

புதியவர்கள் பலர் இந்தக் கடைசி வரியைத் தவறாகப் புரிந்துகொண்டு, குறைந்த எண் வந்தால் கல்யாணமே நடக்காது என்று முடிவுகட்டுகிறார்கள். அப்படியில்லை. "பொருத்தம் இல்லையாம்" என்பது நம்மிடையே பகை வராமல் மறுப்பதற்கு இருக்கும் மிக நாகரிகமான வழி. மறுக்க விரும்பும் வீட்டுக்கு அந்த வழியைப் பகடை திறந்துவிடுகிறது. விரும்பாத வீடு அதைக் கடந்து போகலாம். நான்கு பொருத்தத்தோடு நடந்த ஒரு கல்யாணம் எங்கள் கதையில் இன்றும் நன்றாக இருக்கிறது. எண் ஏழைத் தாண்டியிருந்தும் முறிக்கும் வீடு, மற்ற வீட்டின் பகையைத் தன் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ரச்சுப் பொருத்தத்துக்கு ஒரு பகடையைத் தனியாக உருட்டுங்கள். ஒன்று விழுந்தால் ரச்சு தட்டுகிறது என்று பொருள். தாலி பாக்கியத்தைப் பற்றிய அச்சம் அது. அதற்கு விதியில் எந்தத் தண்டனையும் வைக்காதீர்கள். அந்த அச்சம் மணமகளின் தாளில் ஒரு வரியாக மட்டும் இருக்கட்டும். கணவன் கடலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அது தானாக வேலை செய்யும்.

இதன் பிறகு மணமகளாக ஆடுபவரிடமும் மணமகனாக ஆடுபவரிடமும் சம்மதம் கேளுங்கள். இதற்குப் பகடை கிடையாது. இல்லை என்றால் இல்லைதான்.

ஆறாம் படி: தாலியும் தோம்பும்

சடங்கை நீட்ட வேண்டாம். ஆளுக்கு ஒரு காட்சி சொல்லட்டும், போதும். ஒல்லாந்தர் ஆட்சிப் பகுதிகளில் ஞானஸ்நானமும் திருமணமும் பள்ளித் தோம்புகள் என்ற பதிவேடுகளில் பதியப்பட்டன. அதனால் உங்கள் ஆட்டத்தில் இரண்டு கேள்விகள் எழும். கல்யாணம் தோம்பில் பதிவானதா? பதியாவிட்டால் நாளைக்கு ஒல்லாந்தர் நீதிமன்றில் பிள்ளையின் உரிமையை எப்படி நிலைநாட்டுவது? பதிவு செய்த வீட்டுக்கு வழக்கில் ஒரு கூடுதல் எண் கொடுக்கிறோம். சாமி முன்னிலையில் மட்டும் தாலி கட்டிய வீட்டுக்கு ஊராரின் சாட்சியில் ஒரு கூடுதல் எண். இரண்டையும் செய்யும் வீடு அதற்குரிய செலவைச் சீட்டில் கட்டட்டும்.

ஏழாம் படி: கல்யாணத்துக்குப் பிறகு

ஒரு சுற்று ஓர் ஆண்டு. ஆண்டுக்கொருமுறை தம்பதி பிள்ளை வேண்டும் என்றால் ஒரு பகடை. ஐந்தோ ஆறோ விழுந்தால் பிள்ளை. இருவரும் ஒரு காரியத்தைச் சேர்ந்து செய்த ஆண்டில் மட்டும் தேடியதேட்டத்தில் ஒரு சீட்டுச் சேரும். சேர்ந்து செய்யாத ஆண்டில் சேராது.

சீதனத்தைப் பத்து ஆண்டுகளுக்குள் கைக்கொள்ளாத தம்பதி அதன் உரிமையை இழக்கிறார்கள் என்பது தேசவழமையில் உள்ள விதி. ஆட்டத்துக்கு இதைவிடச் சிறந்த கடிகாரம் எனக்குக் கிடைக்கவில்லை. சீதன ஓலையின் ஓரத்தில் பத்துக் கட்டங்கள் வரையுங்கள். வயலில் தம்பதி ஒருமுறையேனும் விதைக்கும் வரை ஆண்டுக்கொரு கட்டத்தைக் கறுப்பாக்குங்கள்.

வாரிசு இல்லாத வீட்டுக்கு ஒரு விதி மட்டும் மீதி. மனைவியின் சகோதரன் உரிமை கோரலாம். கேட்கும்போது சிலர் நம்ப மறுப்பார்கள், கண்டியை எடுத்துக்காட்டுங்கள். நரேந்திரசிங்கன் 1739இல் இறந்தபோது அரியணை அவன் பட்டத்தரசியின் தம்பியான ஸ்ரீ விஜய இராசசிங்கனுக்குப் போனது. அவனுக்குப் பின் வந்த கீர்த்தி ஸ்ரீயும் அவனுடைய அரசியின் சகோதரன்தான். தென்னிந்திய நாயக்கர் வீட்டிலிருந்து பெண் எடுத்த ஒரு கல்யாணம் கண்டியின் அரச மரபையே மாற்றிவிட்டது. அதனால் கல்யாணப் பேச்சின்போது மச்சான் யார், அவன் எப்படிப்பட்டவன் என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

முதல் மாலையில் ஒரே ஒரு கல்யாணம் போதும். இரண்டாவதை அடுத்த சனிக்கிழமைக்கு வையுங்கள். சீதன ஓலையை மணமகளாக ஆடுபவரிடமே கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். ஆட்டம் நடத்துபவரின் கோப்பில் வைக்காதீர்கள்.

எங்கள் கொட்டியாரத்து மருமகளின் ஓலையில் ஏழு கட்டங்கள் கறுப்பாகிவிட்டன. கணவன் கோட்டையில் வேலைக்குப் போய்விட்டான், அண்ணன்மார் வயலை உழுதுகொண்டிருக்கிறார்கள். அவளாக ஆடும் தோழி அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறாள். இன்னும் மூன்று சுற்றுகள் இருக்கின்றன.