செல்ஃப் எடுக்கலையா? முதலில் காது கொடுங்கள்

ஜூன் மாதம் சாரல் இறங்கியதும் செங்கோட்டை–புளியரை ரோட்டில் இருக்கிற என் பைக் பட்டறைக்கு ஒரே புகார்தான் வரிசையாக வரும். நம்மூர்க்காரர் "அண்ணாச்சி, செல்ஃப் எடுக்க மாட்டேங்கு" என்பார். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவு, தென்மலையிலிருந்து வருகிறவர் "அண்ணாச்சி, செல்ஃப் அடிக்குன்னில்லா" என்பார். அடுத்த பேச்சு இரண்டு பேருக்கும் ஒன்றுதான்: பேட்டரி போயிருக்கும், புதுசு போட்டுடலாம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். பேட்டரிக்குக் காசு எடுக்கும் முன்னால் செல்ஃப் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள்.

அதற்கும் முன்னால் கில் சுவிட்சை, அதாவது ஹேண்டிலில் இன்ஜினை அணைக்கிற சுவிட்சைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். குற்றாலம் பார்க்கிங்கில் யாரோ தட்டிவிட்டுப் போன கில் சுவிட்சைக் கவனிக்காமல், வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தவர்கள் உண்டு. அது சரியாக இருந்தால் ஹாரன் அடியுங்கள். ஹாரன் கம்மினால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். ஹெட்லைட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் அது எரியும்.

இப்போது பட்டன். "டக்டக்டக்" என்று விடாமல் அடித்தால், ரிலே (பேட்டரி கரண்டை செல்ஃப் மோட்டாருக்குத் திறந்துவிடுகிற சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டார் கரண்ட் கேட்டதும் வோல்டேஜ் விழுகிறது, ரிலே விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது என்று அர்த்தம். பேட்டரி பலவீனமாக இருக்கலாம், பேட்டரியில் ஒயர் மாட்டுகிற டெர்மினல் லூஸாகவும் இருக்கலாம். எது என்று மல்டிமீட்டர் சொல்லிவிடும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சாவியை அணைத்து, வண்டி கொஞ்ச நேரம் சும்மா நின்றபின் 12.6க்கு மேல் காட்டினால் ஃபுல் சார்ஜ். 12க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. ஆனால் சும்மா இருக்கும்போது எடுக்கிற அளவு பாதிக் கதைதான். பட்டனை அழுத்திக்கொண்டே பாருங்கள். மீட்டர் முனையை போல்ட்டில் வைக்காமல், பேட்டரியின் ஈயக் கட்டையிலேயே குத்தி வையுங்கள். அங்கேயே 9.5க்குக் கீழே விழுந்தால் முதலில் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். ஏற்றிய பிறகும் அப்படியே விழுந்தால் பேட்டரிக்கு ஆயுசு முடிந்தது. கட்டையில் 11 நின்று, ஒயர் முனையில் 8 காட்டினால் பேட்டரி மேல் குற்றமில்லை, ஜாயின்ட்தான் வில்லன்.

எங்கள் பக்கத்து ஈரத்துக்கு இந்த ஜாயின்ட் வியாதி ரொம்ப சகஜம். போல்ட்டைச் சுற்றி பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். மேலே சுத்தமாகத் தெரிந்தாலும் கழற்றினால் உள்பக்கம் கறுத்துப்போயிருக்கும். கழற்றும்போது மைனஸை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். இல்லையென்றால் ஸ்பானர் சேஸிஸில் பட்டுத் தீப்பொறி பறக்கும். எமரி பேப்பரில் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வேஸ்லின் தடவினால் போதும். இந்தக் கோளாறுக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டு, பழைய போல்ட்டையே ஒரு கடைக்காரர் மாட்டி அனுப்பிய வண்டி போன சீசனில் என்னிடம் வந்தது. அந்த பேட்டரியில் ஒரு குறையும் இல்லை.

ஒரே ஒரு "டக்", அப்புறம் அமைதி என்றால் கதை வேறு. ரிலேவுக்கு உத்தரவு போய்ச் சேருகிறது. பட்டன், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் எல்லாம் நல்லவர்கள். கோளாறு தடித்த ஒயர் பாதையில். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், பெட்ரோல் கசிவு எதுவும் இருக்கக் கூடாது. ரிலேவின் இரண்டு பெரிய போல்ட்டுகளையும் பிளாஸ்டிக் கைப்பிடி ஸ்க்ரூ டிரைவரால் ஒரு நொடி இணையுங்கள். பொறி வரும், பயப்படாதீர்கள். மோட்டார் சுற்றினால் ரிலே காலி. சுற்றாவிட்டால் எர்த்தை, அதாவது இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற பாதையைப் பாருங்கள்: கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை இன்ஜினில் பெயின்ட் இல்லாத போல்ட்டில். பட்டனை அழுத்தும்போது 0.2, 0.3 வோல்ட் வரை பரவாயில்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் போல்ட்டைக் கழற்றித் துருவைத் தேய்க்க வேண்டும். எர்த்தும் சரி என்றால் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது தண்ணீர் புகுந்து பிரஷ் சிக்கியிருக்கும்.

சத்தமே இல்லையா? பியூஸ் பாருங்கள், அப்புறம் சுவிட்ச் வரிசை. நியூட்ரலில் எடுக்கிறது, கியரில் கிளட்ச் பிடித்தால் எடுக்கவில்லை என்றால் கிளட்ச் சுவிட்ச். நியூட்ரல் லைட்டே எரியவில்லை என்றால் நியூட்ரல் சுவிட்சையோ அதன் ஒயரையோ பாருங்கள். மழையில் வந்த வண்டிக்கு வலது ஹேண்டில் சுவிட்ச் பெட்டியைத் திறந்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து உலரவிட்டாலே பல சமயம் சரியாகிவிடும். சைடு ஸ்டாண்டு சுவிட்சில் சேறு அடைத்திருந்தால் கழுவுங்கள்.

"விர்ர்" என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால், மோட்டார் சுற்றுவதை இன்ஜினுக்குக் கடத்துகிற ஒன்வே கிளட்ச்தான் கோளாறு. மேக்னெட் கவர் திறக்கிற வேலை, வீட்டில் வேண்டாம். கிக்கர் இருந்தால் கிக்கரில் ஓட்டி வாருங்கள். இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் செல்ஃபை விட்டுவிட்டு பிளக், பெட்ரோல் பக்கம் போங்கள். எதுவானாலும் ஒரு தடவைக்கு ஐந்து நொடிக்கு மேல் அழுத்தாதீர்கள்; கொஞ்சம் இடைவெளி விடுங்கள், இல்லையேல் மோட்டார் சூடாகிக் கருகும்.

வண்டி ஸ்டார்ட் ஆனபின் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றி பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஏறவே இல்லை என்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ரெக்டிஃபயரோ காயிலோ கோளாறு. புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும்.

மலையில் நின்றுவிட்டால், எல்லையில் இருக்கிற கோட்டைவாசல் தாண்டி புளியரைப் பக்கம் இறக்கம் இருக்கிறது. லாரி வராத நேரம் பார்த்து இரண்டாவது கியரில் உருட்டி கிளட்சை விடலாம். ஆனால் இன்ஜெக்ஷன் (கார்புரேட்டர் இல்லாத) வண்டியில் சாவி போட்டதும் டேங்குக்குள் பம்ப் "ஸ்ஸ்" என்று ஓட வேண்டும். அந்தச் சத்தம் கூட இல்லாத அளவுக்கு பேட்டரி செத்திருந்தால் எவ்வளவு தள்ளினாலும் எடுக்காது. அந்த வழியாக வரும் கார்க்காரரிடம், இரண்டு பேட்டரியையும் இணைக்கிற ஜம்பர் கேபிள் கேளுங்கள், அவருடைய இன்ஜின் அணைந்தே இருக்கட்டும்.