கையைக் கடிக்காத விலையில் கிக் டிரம் மைக் தேர்ந்தெடுப்பது எப்படி?

டிரம் செட்டில் காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய டிரம்தான் கிக் டிரம். அதன் அடி நேரில் நெஞ்சில் வந்து மோதும். அதையே பதிவு செய்து கேட்டால் பல நேரம் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல ‘டொப் டொப்’ என்றுதான் வரும். மைக் மட்டம் என்று முடிவுகட்டி விலை கூடிய ஒன்றைத் தேடும் முன், அந்த ஒலிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

22 அங்குல கிக் டிரம்மின் ‘கும்’ என்ற அடித்தளம் பெரும்பாலும் 50 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். 250 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை இருப்பது அந்தப் பெட்டிச் சத்தம். பீட்டர், அதாவது மிதித்ததும் டிரம்மை அடிக்கும் சுத்தி, தோலில் படும் ‘டக்’ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் வரும். பாடகர்களுக்கான மைக்குகள் பலவற்றில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேண்டுமென்றே குறைத்திருப்பார்கள். வாயருகே பிடிக்கும்போது குரல் கனத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி. அதை கிக் முன்னால் வைத்தால் ‘கும்’ போய்விடும், பெட்டிச் சத்தம் மிஞ்சும். ஆகவே, இந்த மூன்று இடங்களிலும் மைக் என்ன செய்கிறது என்பதுதான் முதல் கேள்வி. விலை அதற்கு அடுத்தது.

படி 1: டிரம்மின் முன்தோலைப் பாருங்கள்

பீட்டர் அடிக்கும் தோலுக்கு எதிரே இருக்கும் முன்தோலில் ஓட்டை இருக்கிறதா? எந்த மைக் என்பதை இதுவே பாதி முடிவு செய்துவிடும்.

4 அல்லது 5 அங்குல ஓட்டை இருந்தால் மைக்கை உள்ளே நுழைக்கலாம். ‘டக்’ தெளிவாகக் கிடைக்கும், பக்கத்து சிம்பல்களின் சத்தமும் குறையும். வாங்கப்போகும் மைக்கின் தலை அந்த ஓட்டைக்குள் நுழையுமா என்று அளவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். கிக் மைக்குகள் பருத்தவை. கேபிள் முனையோடு சேர்த்தால் நீளமும் கூடும்.

ஓட்டை இல்லையென்றால் மைக் வெளியேதான் நிற்கும். அங்கே ‘கும்’ தாராளமாக வரும், ‘டக்’ குறையும். ஆகவே 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாக ஏறும் மைக் தேவை. இல்லாவிட்டால் பீட்டர் பக்கம் இரண்டாவது மைக் ஒன்று வைக்க வேண்டும்.

இதே நேரத்தில் தோல்களின் இறுக்கத்தையும் கவனித்துவிடுங்கள். மடித்த போர்வை ஒன்றை உள்ளே இரண்டு தோல்களையும் லேசாகத் தொடும்படி வைத்தால், நீண்டு இழுக்கும் அதிர்வு அடங்கும். ‘டக்’ போதவில்லை என்றால் ஃபெல்ட் பீட்டருக்குப் பதில் மரம் அல்லது பிளாஸ்டிக் முகம் கொண்ட பீட்டரைப் போட்டுப் பாருங்கள். மைக்கை மாற்றுவதைவிட இது பெரிய மாற்றத்தைத் தரும், செலவும் குறைவு.

படி 2: மைக்கின் வகை

தொடக்கத்தில் டைனமிக் மைக் போதும். பலத்த அடியைத் தாங்கும், கீழே விழுந்தாலும் எளிதில் பழுதாகாது, ஃபேண்டம் பவரும் (கேபிள் வழியே மைக்குக்குக் கொடுக்கும் மின்சாரம்) கேட்காது. டிரம்முக்குள் போர்வைமேல் படுக்கவைக்கும் தட்டையான பவுண்டரி மைக்குகள் பெரும்பாலும் கன்டென்சர் வகை. அவற்றுக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர் வேண்டும். ஷூர் பீட்டா 91ஏ இந்த வகை. ‘டக்’ கூர்மையாக வரும், ஸ்டாண்டும் தேவையில்லை. ஆனால் அது ஒன்றை மட்டும் நம்பினால் பல டிரம்களில் அடித்தளம் மெலிந்தே கேட்கும். இரண்டாவது மைக்காக வாங்க ஏற்றது, முதல் மைக்காக அல்ல.

படி 3: வரைபடத்தைப் படியுங்கள்

புதிதாக வாங்குபவர்கள் தாண்டிப் போகும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

பெட்டியின்மேல் ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. 20 ஹெர்ட்ஸில் ஒலி 3 டெசிபெல் குறைந்ததா, 20 டெசிபெல் குறைந்ததா என்று அந்த வரி சொல்வதில்லை. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் அதிர்வெண் வரைபடத்தைத் தேடி எடுங்கள். வரைபடமே வெளியிடாத மைக்கை விட்டுவிடுவது உத்தமம்.

வரைபடம் கிடைத்ததும் முதலில் இடப்பக்க அளவுகோலைப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு 10 டெசிபெல் என்று வரைந்திருந்தால் பெரிய மேடுகூடச் சமவெளியாகத் தெரியும். பிறகு 1,000 ஹெர்ட்ஸில் கோடு நிற்கும் உயரத்தை மனதில் வைத்துக்கொண்டு, மூன்று இடங்களில் விரலை வைத்துப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் கோடு அதே உயரத்திலோ சற்று மேலேயோ இருக்கிறதா? 400 ஹெர்ட்ஸில் பள்ளம் இருக்கிறதா, எவ்வளவு ஆழம்? 4,000 ஹெர்ட்ஸில் மேடு எவ்வளவு உயரம்? 60-இல் ஏற்றம், 400-இல் பள்ளம், 4,000-இல் மேடு என்று இருந்தால் அது கிக்குக்கென்றே வடிவமைத்த மைக். ஈக்யூவில் (அதிர்வெண்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) நீங்கள் செய்யப்போகும் வேலையில் பாதியை அது முன்கூட்டியே செய்துவிடுகிறது.

அதில் ஒரு சிக்கலும் உண்டு. 400 ஹெர்ட்ஸில் மைக் ஆழமாக வெட்டிய ஒலியைப் பிறகு ஈக்யூவில் இயல்பாக மீட்பது கடினம். தட்டையான வரைபடம் கொண்ட மைக்கில் பதிவானதை வெட்டுவதோ சுலபம். ராக், மெட்டல் வாசிப்புக்குப் பள்ளம் கொண்ட மைக் பொருந்தும். மெல்லிய வாசிப்பையும் பேஸ் ஆம்ப் போன்றவற்றையும் அதே மைக்கில் பதிவு செய்ய வேண்டும் என்றால் பள்ளம் குறைந்ததை எடுங்கள்.

இன்னும் இரண்டு எண்கள். மைக் தாங்கும் அதிகபட்ச ஒலியழுத்தம் 140 டெசிபெலுக்கு மேல் இருக்கட்டும். கிக்குக்கென்று வரும் டைனமிக் மைக்குகளில் இது பிரச்சினையே இல்லை. கன்டென்சர் வாங்கினால் கட்டாயம் பாருங்கள். அடுத்தது சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே அளவு ஒலிக்கு மைக் எவ்வளவு சிக்னல் தருகிறது என்பது. கிக் மைக்கில் இது குறைவாக இருப்பது குறை அல்ல. பொதுப் பயன்பாட்டு மைக்கான ஷூர் எஸ்எம்57-ஐவிட, அதே நிறுவனத்தின் கிக் மைக்கான பீட்டா 52ஏ சுமார் 8 டெசிபெல் குறைவான சிக்னலைத் தருகிறது. பலமான அடியில் இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) உள்ளீட்டில் ஒலி சிதையாமல் இருக்க அது உதவும்.

படி 4: மாடல்களை ஒப்பிடுங்கள்

உங்களிடம் ஒரே ஒரு மைக்குக்குத்தான் பணம் இருக்கிறது, அதிலேயே ஸ்னேர் டிரம், கிட்டார் ஆம்ப் எல்லாம் பதிவாக வேண்டும் என்றால், எஸ்எம்57 வாங்குங்கள். அதன் எல்லை 40 முதல் 15,000 ஹெர்ட்ஸ். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோடு படிப்படியாக இறங்கும். ஆனால் மைக்கை ஒலிக்கு அருகில் கொண்டுபோனால் கீழ் அதிர்வெண்கள் கூடும். ப்ராக்ஸிமிட்டி எஃபெக்ட் என்கிற இந்தக் குணம் இறங்கியதை ஓரளவு ஈடுகட்டிவிடும். மீதியை 60 ஹெர்ட்ஸ் பக்கம் ஈக்யூவில் ஏற்றிக்கொள்ளலாம். போலிகள் அதிகம் உலவும் மாடல் இது என்பதால் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

கிக்குக்கு மட்டும் என்றால் ஷூர் பிஜிஏ52-இலிருந்து தொடங்கலாம். கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும்) டைனமிக், 50 முதல் 12,000 ஹெர்ட்ஸ். ஸ்டாண்டில் மாட்டும் திருகு மைக்கோடு சேர்ந்தே வரும். அதே நிறுவனத்தின் பீட்டா 52ஏ-வைவிட விலை குறைவு. பீட்டா 52ஏ 20 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், 174 டெசிபெல் வரை தாங்கும். வீட்டுப் பதிவுக்கு அந்தக் கூடுதல் தாங்குதிறன் தேவைப்படாது. அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

சற்று மேலே போக முடிந்தால் ஏகேஜி டி112 எம்கே2, சென்ஹைசர் இ602-2, ஆடிக்ஸ் டி6 மூன்றும் பார்க்கத்தக்கவை. டி6-இல் நடுப்பகுதி நன்றாக வெட்டப்பட்டிருக்கும். ஈக்யூவில் கைவைக்கப் பயப்படுபவர்களுக்குப் போட்ட உடனே ‘முடிந்த’ ஒலி கிடைக்கும். ஆனால் எந்த டிரம்மையும் அது தன் குணத்துக்கு இழுத்துவிடும். ஒன்றிரண்டு டிரம்களுக்கு மேல் பதிவு செய்யப்போகிறவர்கள் இதை எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும்.

பயன்படுத்திய மைக் வாங்குவதானால்: லேசாக அசைத்துப் பாருங்கள், உள்ளே எதுவும் உருளக் கூடாது. கேபிள் பொருந்தும் மூன்று ஊசிகளும் நேராக இருக்க வேண்டும். பிறகு இன்டர்ஃபேஸில் செருகி, 30 சென்டிமீட்டர் தள்ளியும் 3 சென்டிமீட்டர் நெருங்கியும் பேசிப் பாருங்கள். நெருங்கும்போது குரல் கனக்க வேண்டும். கனக்காமல் தகரம்போலவே ஒலித்தால் உள்ளே ஒலிபட்டு அதிரும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

படி 5: ஸ்டாண்டுக்கும் பணம் ஒதுக்குங்கள்

முழுப் பணத்தையும் மைக்கில் போட்டுவிடாதீர்கள். கனமான அடிப்பாகம் கொண்ட குட்டை பூம் ஸ்டாண்டும், 5 அல்லது 6 மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிளும் கட்டாயம் வேண்டும். கிக் மைக் கனமானது. இலேசான ஸ்டாண்டில் மாட்டினால் ஒவ்வொரு அடிக்கும் சிறிது சிறிதாகத் தலை சாய்ந்து, பாடலின் தொடக்கத்தில் ஒரு ஒலி, முடிவில் வேறு ஒலி என்று ஆகிவிடும். பூம் கை நீண்டிருக்கும் திசையில் ஸ்டாண்டின் ஒரு காலை வைத்தால் கவிழாது.

படி 6: வாங்கியதும் மூன்று இடங்களில் சோதியுங்கள்

இன்டர்ஃபேஸில் சிக்னலை ஏற்றும் கெயினை முழுக்கக் குறைத்துத் தொடங்குங்கள். பாடலில் எவ்வளவு பலமாக மிதிப்பீர்களோ அதே பலத்தில் மிதித்து, உச்சம் −12 டெசிபெலைச் சுற்றி நிற்கும்வரை ஏற்றுங்கள். கெயின் முழுக்கக் குறைவாக இருந்தும் ஒலி சிதைந்தால் இன்டர்ஃபேஸில் உள்ள, சிக்னலைக் குறைக்கும் பேட் பொத்தானை அழுத்துங்கள். அது இல்லையென்றால் கேபிளின் நடுவே மாட்டும் 20 டெசிபெல் அட்டெனுவேட்டர் வாங்கலாம்.

பிறகு ஒரே தாளத்தை மூன்று முறை பதிவு செய்யுங்கள். முதலில், மைக்கின் தலை ஓட்டையின் விளிம்புக்கு நேராக. அடுத்து, டிரம்மின் பாதி ஆழத்தில், பீட்டருக்கும் பக்கவாட்டுச் சுவருக்கும் நடுவே நோக்கி. மூன்றாவது, அடிக்கும் தோலிலிருந்து 5 சென்டிமீட்டரில், பீட்டர் படும் இடத்தை நேராக நோக்கி. மூன்றாவதில் ‘டக்’ மிகும். முதலாவதில் ‘கும்’ மிகும். அங்கே ஒவ்வொரு அடிக்கும் ‘புஃப்’ என்ற காற்றுச் சத்தம் சேர்ந்தால், ஓட்டையிலிருந்து பாயும் காற்று மைக்கில் நேராக மோதுகிறது என்று பொருள். மைக்கை ஓரமாக 5 சென்டிமீட்டர் நகர்த்தினால் நின்றுவிடும். மூன்றையும் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் 60 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது, அதை வைத்து ‘மைக்கில் பேஸ் இல்லை’ என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

முன்தோலில் ஓட்டை இல்லாதவர்கள் வெளியே 10 சென்டிமீட்டரில், நடுவிலிருந்து சற்று விலக்கி வைத்துத் தொடங்கலாம்.

கடைசியாக போலாரிட்டி, அதாவது சிக்னல் முதலில் மேலே போகிறதா கீழே போகிறதா என்பது. பீட்டர் அடிக்கும்போது தோல் உள்நோக்கிப் போகிறது. டிரம்முக்குள் இருக்கும் மைக்கை நோக்கிக் காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் தோலின் மறுபக்கம் காற்று விலகுகிறது. அந்தப் பக்கம் இருக்கும் மைக்கும், டிரம் செட்டுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக்கும் இதைத் தலைகீழாகப் பதிவு செய்யலாம். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் அடித்தளம் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே எல்லா மைக்குகளையும் சேர்த்து ஒலிக்கவிட்டு, கிக் சேனலின் போலாரிட்டி பொத்தானைப் போட்டும் எடுத்தும் பாருங்கள். எந்த நிலையில் ‘கும்’ கனமாகக் கேட்கிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள். ஈக்யூவைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.