வேட்பாளரின் தகுதி பார்க்கப் போகிறவர்களுக்கு: நாங்கள் விட்ட பிழைகள்

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு மாடியில் பத்துப் பதினொரு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாநகர சபைத் தேர்தலில் எங்கள் பக்கத்து வட்டாரங்களில் யார் போட்டியிட்டாலும் அவர்களைப் பற்றி விசாரித்து, இன்னார் இப்படி என்று வாக்காளர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு குழு தொடங்கியிருக்கிறார்கள். லெப்டொப்பில் ஒரு அட்டவணை, நூற்றுக்கு இத்தனை புள்ளி என்று கட்டம் கட்டமாக. "பாருங்கள் டீச்சர், ஏதும் குறை இருந்தால் சொல்லுங்கள்" என்று என் பக்கம் திருப்பினார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றைப் புரட்டியது, ஏனென்றால் 2018இல் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து போட்ட அட்டவணையும் அச்சு அசல் இதுதான், அதை வைத்து என்ன கூத்து நடந்தது என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

கட்சி பார்க்காதே, காசு வாங்காதே, வதந்தியை நம்பாதே என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்தவை. அவற்றை விடுகிறேன்.

சான்றிதழுக்குப் புள்ளி போடுவது

உள்ளூராட்சித் தேர்தலில் நிற்க ஓ.எல். பரீட்சை கூடத் தேவையில்லை. சட்டம் கேட்காத ஒன்றுக்கு நாங்கள் நூற்றுக்கு 20 புள்ளி ஒதுக்கினோம்: பட்டதாரி என்றால் 20, ஏ.எல். என்றால் 15, ஓ.எல். என்றால் 10. அந்தக் கணக்கில் கடைசி இடம் யாருக்குப் போனது தெரியுமா? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு பெண்ணுக்கு. தன் தோட்டத்து (நெருக்கமான வீடுகள் நிறைந்த குடியிருப்பு) வடிகான் எங்கே தொடங்கி எந்த வடிகானில் போய் விழுகிறது, மழைக்கு எந்த இடத்தில் அடைக்கும், அடைத்தால் மாநகர சபையில் யாரைப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முதலிடம் வந்த பட்டதாரி தந்த வாக்குறுதி, வீட்டுக்கு வீடு புதிய தண்ணீர் இணைப்பு. தண்ணீர் தேசிய நீர் வழங்கல் சபையின் வேலை, மாநகர சபையின் வேலையே இல்லை என்பது அவருக்கும் தெரியவில்லை, புள்ளி போட்ட எங்களுக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை.

இப்போது நான் கேட்பது வேறு மாதிரி. உங்கள் வட்டாரத்தில் எந்த வீதி மாநகர சபைக்கு உரியது? காலி வீதியில் குழி விழுந்தால் யாரிடம் போவீர்கள்? (வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். அதிலிருந்து பிரியும் ஒழுங்கை என்றால் பெரும்பாலும் சபையிடம்.) வீட்டுக்கும் கடைக்கும் சபை போடும் சோலைவரியாக அறவிடும் காசு எதற்குப் போகிறது? இங்கே அள்ளும் குப்பை எங்கே போய்ச் சேர்கிறது? 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள், அங்கே குவிந்து கிடந்தது பெரும்பாலும் கொழும்பின் குப்பைதான். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் மாநகர சபைக்குப் போக நினைக்கிறவரின் பட்டத்தை நான் என்ன செய்ய?

பெயரை வைத்து ஆளைப் பிடிப்பது

இதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

2018 பெப்ரவரி 10 தேர்தல். ஜனவரி கடைசிக் கிழமை. எங்கள் குழுவில் ஒரு பையனுக்கு, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பக்கம் ஒரு சட்டத்தரணியின் கிளார்க்கைத் தெரியும். அவரைப் பிடித்து, வேட்பாளர் ஒருவரின் பெயரில் பணமோசடி வழக்கு ஒன்று நீதிவான் நீதிமன்றத்தில் நடக்கிறது என்று வழக்கு இலக்கத்தோடு கொண்டு வந்தான். இரண்டு முன்னெழுத்தும் சரி, பெயரும் சரி, ஒழுங்கையும் சரி, வீட்டு இலக்கமும் 148. வேட்பாளர் கொடுத்த துண்டுப்பிரசுரத்திலும் 148தான். வேறென்ன வேண்டும்? "நேர்மை" என்ற கட்டத்தில் பூச்சியம் போட்டு, பக்கத்தில் வழக்கு இலக்கத்தையும் எழுதி, 500 போட்டோகொப்பி அடித்து, தைப்பூசத்துக்குக் கோயிலுக்கு வந்த சனத்தின் கையில் கொடுத்து முடித்தோம்.

அடுத்த நாள் காலை அவருடைய மனைவி என் வீட்டு வாசலில். கத்தவில்லை. கையில் எங்கள் தாள், அதோடு ஒரு மின்சாரப் பட்டியல். "இது எங்கட அவர் இல்ல டீச்சர். வடிவாப் பாருங்க."

பட்டியலில் 148/37. வழக்கில் இருந்தது 148/3.

கொழும்புத் தோட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன்: ஒரு தோட்டம் முழுவதற்கும் வீதியில் ஒரே ஒரு இலக்கம்தான் இருக்கும், உள்ளே நாற்பதோ நூறோ வீடு, எல்லாம் சாய்கோடு போட்டு 148/1, 148/2, 148/2ஏ என்று நீண்டுகொண்டே போகும். நாங்கள் 148ஐப் பார்த்ததும் நின்றுவிட்டோம். முன்னெழுத்து கதை இன்னும் மோசம். எங்கள் வழக்கப்படி முன்னெழுத்து அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் உரியது, ஆகவே அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குத் தாத்தாவின் முன்னெழுத்து ஒன்றுதான், அப்பாமாரின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கினால் இரண்டுமே ஒன்றாகிவிடும், தாத்தாவின் பெயரையே இரண்டு பேரப் பிள்ளைகளுக்கு வைத்திருந்தால் முடிந்தது கதை. வழக்கில் இருந்தவர் வேட்பாளரின் பெரியப்பா மகன். அதற்கும் மேலாக, வழக்கேட்டில் பெயர் சிங்களத்தில் இருந்தது. கிளார்க் அதை வாயால் சொல்ல, பையன் தமிழில் எழுதிக்கொண்டு வந்தான். நடுவில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் எங்களுக்குத் தெரிய வழியில்லை.

மன்னிப்புக் கேட்டு இன்னொரு தாள் அடித்தோம். முதல் தாளை வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாவதை வாசித்திருப்பார்கள்? சட்டத்தரணி மூலம் ஒரு கோரிக்கைக் கடிதம் வந்தது, பெரியவர்கள் தலையிட்டு அதை ஒருவாறு தீர்த்து வைத்தார்கள். மனிதர் தோற்றுப் போனார். எங்கள் தாளால்தான் தோற்றாரா என்று அடித்துச் சொல்ல முடியாது, அதுதான் இன்னும் மோசம், அளக்க முடியாத ஒரு கடன் போல அது கிடக்கிறது. அவருடைய மனைவி இன்றைக்கும் சந்தையில் என்னைக் கண்டால் அடுத்த பக்கத்துக்குக் கடந்து போவார்.

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது அந்தச் சாய்கோடு இல்லை. அந்த மனிதரின் வீடு எங்கள் அறையிலிருந்து ஐந்து நிமிட நடை. போய், "உங்கள் பெயரில் இப்படி ஒரு வழக்கு இருக்கிறதாமே" என்று கேட்டிருந்தால் நின்ற நிலையில் விஷயம் முடிந்திருக்கும். ஏன் கேட்கவில்லை? வேட்பாளரோடு கதைத்தால் பக்கச்சார்பு வந்துவிடும் என்று நாங்களே ஒரு விதி போட்டு வைத்திருந்தோம்! தள்ளி நிற்பதுதான் நடுநிலைமை என்று நினைத்தோம். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகளின் தாளிலும் மேலேயே எழுதியிருந்தது: "வேட்பாளர்களுடன் நேரடித் தொடர்பு கூடாது." அதே வசனம். அங்கேயே பேனையை வாங்கி வெட்டிவிட்டேன்.

சரி, எப்படிச் செய்வது? முழுப் பெயர் வேண்டும், முன்னெழுத்து போதாது. வாக்காளர் இடாப்பில் இருக்கும் பெயரோடும் வீட்டு இலக்கத்தோடும் ஒப்பிடுங்கள், சாய்கோட்டுக்குப் பிறகு வருவதையும் சேர்த்து. பிறந்த ஆண்டு, அப்பாவின் பெயர், இரண்டில் ஒன்றாவது பொருந்தாமல் எதையும் எழுதாதீர்கள். வழக்கேட்டை வாசிக்கத் தெரிந்த ஒருவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும், கேட்டவர் சொன்னதைச் சொன்னவர் எழுதியது சரிவராது. அப்புறம், என்ன கட்டம் என்று பாருங்கள்: பொலிஸில் ஒரு முறைப்பாடு இருப்பது வேறு, பிணையில் வந்திருப்பது வேறு, குற்றப்பத்திரிகை வேறு, தீர்ப்பு வேறு, தீர்ப்புக்கு மேன்முறையீடு நிலுவையில் இருப்பது வேறு. எல்லாவற்றையும் "வழக்கு இருக்கிறது" என்ற ஒரு வசனத்துக்குள் அடைத்தால், காணிச் சண்டையில் அயல்வீட்டுக்காரர் கொடுத்த முறைப்பாடும் கப்பம் வாங்கி அகப்பட்டதும் வாசிக்கிறவருக்கு ஒன்றாகத்தான் தெரியும். கடைசியாக, எழுதப் போவதை அப்படியே வேட்பாளருக்கு எழுத்தில் அனுப்பி மூன்று நாள் கொடுங்கள். அவர் சொல்லும் பதிலை அதே தாளில், அதே எழுத்தளவில் போடுங்கள். பதில் வராவிட்டால் கேட்ட திகதியைப் போட்டு, பதில் வரவில்லை என்று எழுதுங்கள்.

ஒரு பிள்ளை கேட்டது, "டீச்சர், இப்ப எல்லாம் பேஸ்புக்கில போட்டோவோட கிடைக்குதே?" போட்டோவும் மாறும் மகள். அந்தப் பெரியப்பா மகனும் இவரும் மீசை உட்பட ஒரே அச்சு.

வட்டாரத்தை மட்டும் பார்த்துப் பட்டியலை மறப்பது

2018இல்தான் முதல் முறையாகக் கலப்பு முறை: அறுபது வீதம் வட்டாரத்திலிருந்து, நாற்பது வீதம் வாக்கு விகிதாசாரப்படி கட்சிகள் கொடுக்கும் பெயர்களிலிருந்து. வட்டாரத்தில் நிற்பவர்களையே துருவித் துருவிப் பார்த்தோம். முடிவு வந்த பிறகு, வட்டாரத்தில் நிற்காதவர்களின் பெயர் இருக்கும் மேலதிகப் பட்டியலிலிருந்தும் வட்டாரத்தில் தோற்றவர்களிலிருந்தும் கட்சிகள் பெயர் கொடுக்கத் தொடங்கியபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். நாங்கள் "தகுதி போதாது" என்று எழுதிய ஒருவரே, மக்களும் தோற்கடித்த பிறகு, பட்டியல் வழியாகச் சபைக்குள் போய் உட்கார்ந்தார்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். 2017 தேர்தல் சட்டத் திருத்தத்தின்படி வட்டார வேட்புமனுவில் பெண்கள் பத்து வீதம், மேலதிகப் பட்டியலில் ஐம்பது வீதம். சபைகளில் 2 வீதத்தையே எட்டாமல் இருந்த பெண்கள் 2018இல் 20 வீதத்தைத் தாண்டியதற்கு இந்த ஒதுக்கீடுதான் காரணம். பட்டியலைப் பார்க்காவிட்டால் பெண் வேட்பாளர்களில் பெரும் பகுதியை நீங்கள் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அதில் எத்தனை பேர் தாமாக வந்தவர்கள், எத்தனை பேர் எண்ணிக்கையை நிரப்பக் கையெழுத்து வாங்கப்பட்டவர்கள் என்று போய்க் கதைத்தால்தான் தெரியும்.

தகவல் விண்ணப்பத்தைப் பிந்திப் போடுவது

பழைய உறுப்பினர் மீண்டும் நின்றால் அவர் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், கொண்டு வந்த பிரேரணைகள், வட்டாரத்துக்கு ஒதுக்கிய காசு எல்லாம் மாநகர சபையிடம் இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரும் கேட்கலாம். ஆனால் தகவல் அலுவலர் முடிவு சொல்லவே 14 வேலை நாட்கள் எடுக்கலாம், தகவலைக் கையில் தர அதற்கு மேலும் நாள் போகும். 2025இல் வேட்புமனு மார்ச் 20 நண்பகலோடு முடிந்தது, வாக்களிப்பு மே 6. நடுவில் புத்தாண்டு, பெரிய வெள்ளி, மே தினம். எண்ணிப் பாருங்கள். வேட்புமனு முடியட்டும் என்று காத்திருந்து நாங்கள் போட்ட விண்ணப்பத்துக்கு வாக்களிப்புக்கு அடுத்த கிழமை பதில் வந்தது, மிக விபரமாக.

யார் நிற்பார் என்று தெரியாவிட்டாலும் முன்கூட்டியே முழுச் சபைக்கும் சேர்த்துக் கேளுங்கள். இன்னொன்று: 2018இல் வந்த சபைகள் 2023 மார்ச்சோடு முடிந்தன, அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினரே இல்லை. "2024இல் நான்தான் இந்த லைட் போட்டேன்" என்று யாராவது சொன்னால் எந்தப் பதவியில் இருந்து போட்டார் என்று கேளுங்கள்.

உறுதிமொழியில் கையெழுத்து

நேர்மையான வேட்பாளர்களையே நிறுத்தும்படி கட்சிகளைக் கேட்கும் மார்ச் 12 இயக்கத்தின் எட்டு நிபந்தனைகளுக்கும் 2015இல் கட்சிகள் கையெழுத்து வைத்தன. கையெழுத்துக்குப் புள்ளி போடாதீர்கள்.

ஒரே மொழியில் கேள்விக்கொத்து

மூன்று மொழியும் பேசுகிற கொழும்பில்! வேண்டாம்.

மேயர் தெரிவில் யாருக்கு வாக்களிப்பார் என்று கேட்காமல் விடுவது

இதை 2025 வரை நாங்களும் கேட்கவில்லை. கொழும்பு மாநகர சபையில் 117 உறுப்பினர்கள், ஆகக் கூடிய ஆசனம் எடுத்த தேசிய மக்கள் சக்திக்கே 48தான். ஜூன் 16ஆம் திகதி மேயர் தெரிவு இரகசிய வாக்கெடுப்பாக நடந்து 61க்கு 54 என்று தேசிய மக்கள் சக்தியின் பக்கம் முடிந்தது. சுயேச்சையாக வந்தவரும் சின்னக் கட்சிக்காரரும் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது, இரகசிய வாக்கு என்பதால் அவரவர் வட்டாரத்துச் சனத்துக்கு இன்றுவரை ஊகம் மட்டும்தான். ஆகவே முன்கூட்டியே கேளுங்கள்: யாருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால் மேயராக யாரை ஆதரிப்பீர்கள், பகிரங்க வாக்கெடுப்பைக் கேட்பீர்களா, இரகசிய வாக்கெடுப்பையா? மழுப்புவார்கள். மழுப்பியதையும் எழுதுங்கள்.

தேர்தல் அன்றே கோப்பை மூடுவது

2023இன் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவறிக்கை கொடுக்க வேண்டும், தோற்றவரும்தான். அந்த நேரத்தில் குழுக்கள் கலைந்து பிள்ளைகள் பரீட்சைக்கும் வேலைக்கும் போய்விடுவார்கள். குறைந்தது இரண்டு பேரையாவது நிறுத்தி வையுங்கள். பிரசாரக் காலத்தில் வட்டாரத்தில் எத்தனை அலுவலகம் திறந்தார், எத்தனை பதாகை, எத்தனை முச்சக்கரவண்டி ஓடியது என்று திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், அறிக்கை வரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் கொப்பியில் ஒருவருக்கு நான்கு அலுவலகம் எழுதியிருந்தோம். அந்த நான்கும் நான்கு ஒழுங்கைகளில், சாய்கோட்டு இலக்கங்களோடு.