ஆச்சியின் குரலை டீக்கடைச் சுவரில் ஒட்டுவது எப்படி?

திருநெல்வேலியில் குறுக்குத்துறைக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் இருக்கும். டீ ஆறுவதற்குள் போனை அதன்மேல் காட்டினால், 1992 வெள்ளத்தில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் ஏறி வந்த கதையை என் ஆச்சி சொல்வாள். இரண்டரை நிமிஷம், அவள் பேசுகிற பேச்சு அப்படியே.

இதைச் செய்ய கோடிங் தெரிய வேண்டாம், பிரிண்ட் எடுக்கிற காசு தவிர செலவும் இல்லை. டெலிகிராம் ஆப் ஒன்று, க்யூஆர் கோடு ஒன்று, கதை சொல்ல ஒரு ஆள். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறவர்கள் எல்லாரும் இந்த வாரமே ஆரம்பித்துவிட வேண்டும் என்று ஆசை, அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் சேனல், அதாவது நாம் போடுகிற பதிவுகளை மற்றவர்கள் வந்து கேட்கிற டெலிகிராம் பக்கம். ஆண்ட்ராய்டு போனில் டெலிகிராமைத் திறந்து, கீழே வலப்பக்கம் இருக்கிற பென்சில் பட்டனைத் தொட்டால் 'நியூ சேனல்' என்று வரும். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். அடுத்த திரையில் 'பப்ளிக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், அப்போதுதான் டெலிகிராம் இல்லாதவர்களும் பிரவுசரிலேயே கேட்க முடியும். லிங்க் மட்டும் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும், குறைந்தது 5 எழுத்து. பதிவுகள் சேனல் பெயரில் போவதால் உங்கள் போன் நம்பர் யாருக்கும் தெரியாது. இவ்வளவுதான், இரண்டு நிமிஷ வேலை.

பதிவு செய்வதுதான் பெரிய வேலை, இங்கே அவசரப்படாதீர்கள். ஆறு பின்னணியில் கேட்டால் நன்றாக இருக்கும் என்று நான் முதல் தடவை ஆச்சியைப் படித்துறையிலேயே உட்கார வைத்துப் பேசச் சொன்னேன். வீட்டுக்கு வந்து கேட்டால் காற்று மைக்கில் அடித்து ஒரே இரைச்சல், ஒரு வார்த்தை தேறவில்லை. அடுத்த நாள் வீட்டுக்குள், ஃபேனை நிறுத்திவிட்டு, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டேன். பெரும்பாலான போன்களில் மைக் கீழ் விளிம்பில் இருக்கும், அதை விரல் மறைக்கக் கூடாது.

அப்புறம் கேள்வி. "ஆச்சி, வெள்ளம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "பெரிய வெள்ளம்" என்று முடித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு வீட்டுல என்ன சமையல்?" என்றேன். "அடுப்புல சோறு கொதிச்சுக்கிட்டு இருந்துது. பானையோட தூக்கிக்கிட்டு மச்சுக்கு ஓடுனோம்ல அய்யா, கொழம்பு கீழயே போச்சு" என்று ஆரம்பித்தவள், வெறும் சோற்றை உப்புப் போட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பிசைந்து கொடுத்தது வரைக்கும் நிறுத்தவே இல்லை. அதனால் பெரிய விஷயத்தைக் கேட்காதீர்கள், கைக்கு எட்டுகிற சின்னப் பொருளைக் கேளுங்கள். சட்டி, பாய், மாடு, ரேஷன் கார்டு, எதுவானாலும் சரி. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்கள் யோசிக்கிற அந்த மௌனத்தில் நாம் புகுந்து பேசினால் கதை அறுந்துவிடும்.

டெலிகிராமில் 'சேவ்டு மெசேஜஸ்' என்று உங்களுக்கு மட்டும் தெரிகிற ஒரு இடம் உண்டு, பதிவை அங்கே செய்யுங்கள். மைக் பட்டனை அழுத்தியபடி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிடலாம். ஏரோபிளேன் மோடை எடுத்ததும் பதிவு தானாகப் போய்ச் சேரும். பேசி முடித்தபின் முதலில் பேசியவருக்கே போட்டுக் காட்டுங்கள். இதை யார் வேண்டுமானாலும் கேட்பார்கள் என்பதையும் சொல்லி, சரி என்றால் மட்டும் சேனலுக்கு ஃபார்வர்ட் செய்யுங்கள் (அனுப்புமுன் பெயரை மறைக்கிற ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டு வராது). ஆச்சி ஒரு இடத்தில் ஒரு உறவுக்காரர் பெயரைச் சொல்லியிருந்தாள், அதை எடுக்கச் சொன்னாள், மறுபடி பதிவு செய்தோம்.

அடுத்தது க்யூஆர். பப்ளிக் சேனலில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி லிங்க் உண்டு. பதிவைத் தொட்டு 'காப்பி லிங்க்' எடுத்து, ஒரு க்யூஆர் தயாரிக்கிற தளத்தில் ஒட்டினால் படம் வந்துவிடும். இதில் ஒரு பொறி இருக்கிறது. 'டைனமிக்' என்று தருகிற கோடுக்குள் உங்கள் லிங்க் இருக்காது, அந்தத் தளத்தின் லிங்க்தான் இருக்கும். அவர்கள் வழியாகச் சுற்றித்தான் உங்கள் பதிவுக்குப் போகும், அவர்கள் நிறுத்தினால் ஸ்டிக்கர் செத்தது. என் முதல் ஸ்டிக்கர் அப்படித்தான் சில வாரத்தில் காசு கேட்க ஆரம்பித்தது. 'ஸ்டாட்டிக்' என்பதையே எடுங்கள், அதில் லிங்க் கட்டங்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும், காலாவதி கிடையாது. ஸ்கேன் செய்யும்போது திரையில் டெலிகிராம் முகவரி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு பிரிண்டுக்குக் கொடுங்கள்.

க்யூஆர் கோடு 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கியது. எண்ணெயும் அழுக்கும் படும் என்று தெரிந்தே செய்ததால், பிழைதிருத்தத்தை (கோடு கொஞ்சம் அழிந்தாலும் படிக்க வைக்கிற வசதி, தயாரிக்கும்போதே அளவைத் தேர்ந்தெடுக்கலாம்) உச்சத்தில் வைத்தால் கிட்டத்தட்ட 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கும். டீக்கடைக்கு அந்த உச்ச அளவையே வையுங்கள். இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல், சுற்றி வெள்ளை ஓரம் விட்டு அச்சடியுங்கள். கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்காமல் ஒட்டாதீர்கள், கோயில் சுவரில் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஒட்டியபின் ஒரு ஆண்ட்ராய்டிலும் ஒரு ஐபோனிலும் டெலிகிராம் ஆப் இல்லாமல் ஓடுகிறதா என்று சோதியுங்கள்.

பதில் பேசவும் ஆட்கள் வருவார்கள். சேனல் செட்டிங்கில் 'டிஸ்கஷன்' போய் ஒரு குழுவை இணைத்துவிட்டால், ஒவ்வொரு பதிவுக்கும் கீழே கேட்பவர்களும் வாய்ஸ் போடலாம். மும்பை தாராவியில் இருக்கிற எங்கள் தெருக்காரர் ஒருவர், அந்த வெள்ளத்தில் தான் மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்ததை நாலு நிமிஷம் சொல்லியிருந்தார். ஆச்சிக்குப் போட்டுக் காட்டினேன். "ஏல, அந்த ராத்திரி கத்துனது இவன்தானா?" என்றாள். அதையும் பதிவு செய்து பதிலாகப் போட்டேன்.

கடைசியாக, டெலிகிராமை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் டெலிகிராம் டெஸ்க்டாப் போட்டு, சேனலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'எக்ஸ்போர்ட் சாட் ஹிஸ்டரி' கொடுங்கள். வாய்ஸ் மெசேஜஸ் என்பதை டிக் செய்தால் எல்லாப் பதிவும் ஒரு ஃபோல்டரில் இறங்கிவிடும். நான் மாதம் ஒரு தடவை எடுத்து இரண்டு பென் டிரைவில் வைக்கிறேன். ஒன்று என்னிடம், இன்னொன்று ஆச்சி வீட்டு பீரோவில்.