காயத்துக்குப் பின் போடும் கையெழுத்து: ஒப்பந்த வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்துப் பருவம் முடிந்து பிள்ளைகள் மலைக்குத் திரும்பும் ஏப்ரல், மே மாதங்களில், உதகையிலுள்ள என் அலுவலகத்தில் முழங்காலில் பட்டை அணிந்த ஓர் இளைஞராவது வந்து அமர்வார். வெலிங்டனிலோ அருவங்காட்டிலோ பந்தாடி வளர்ந்து, சமவெளியில் ஏதோ ஒரு கிளப்பில் ஓரிரு ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து, காயத்தோடு திருப்பி அனுப்பப்பட்டவராக இருப்பார். வழக்கறிஞராவதற்கு முன் நானும் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவன் என்பதால், அவர் பையிலிருந்து எடுத்து நீட்டும் தாளில் என்ன இருக்கும் என்பது படிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. படிக்காமல் கையெழுத்திடாதீர்கள் என்பது போன்ற, எல்லாரும் அறிந்த அறிவுரைகளை விட்டுவிடுகிறேன். படித்துப் பார்த்தவர்களும் செய்கிற தவறுகளே இங்கு நமக்குப் பொருள்.

அணியில் திரும்பச் சேர்க்கக் கேட்பது

நீதிமன்றத்துக்குப் போனால் மறுபடியும் அணியில் எடுத்துக்கொள்வார்களா என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. ஒருவருடைய தனித்திறமையைச் சார்ந்த ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது என்பதை 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. கேட்க வேண்டியது பணம். மீதி ஒப்பந்தக் காலத்துச் சம்பளத்தையும் சிகிச்சைச் செலவையும் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 73ஆம் பிரிவின்படி இழப்பீடாகக் கோரலாம். இழப்பைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் அதே பிரிவு கணக்கில் எடுத்துக்கொள்வதால், பிசியோதெரபிக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டால் அதுவே எதிர்த்தரப்பின் வாதமாகிவிடும்.

பாக்கிச் சம்பளத்துக்காகக் கணக்குத் தீர்வுத் தாளில் கையெழுத்திடுவது

இந்தத் தவறை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. முதலில் செய்தவன் நான் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பயிற்சியில் சட்டென்று திரும்பியபோது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது போல் இருந்தது. கோவையில் எடுத்த ஸ்கேனில் ஏ.சி.எல். தசைநார் முழுவதும் கிழிந்திருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாள், கிளப்பின் மேலாளர் ஒரு பை ஆரஞ்சுப் பழங்களோடு மருத்துவமனைக்கு வந்தார். எனக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. இரண்டு மாதத்துக்கான காசோலை அவர் சட்டைப்பையில் இருந்தது. அவர் நீட்டிய தாளில், ஒப்பந்தம் இருதரப்புச் சம்மதத்துடன் முடிவுக்கு வருகிறது, இனி வீரருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நான்கே வரிகள் இருந்தன. ஒப்பந்தத்தில் பதினான்கு மாதங்கள் மீதியிருந்தன. என் அப்பா தம் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகான பிசியோதெரபி முழுவதும் எங்கள் வீட்டுப் பச்சைத் தேயிலை விற்ற பணத்தில்தான் நடந்தது.

அந்த நான்கு வரிகள் என்ன செய்கின்றன என்பதைப் பாருங்கள். காயம் மட்டுமே ஒப்பந்தத்தை முறிப்பதற்கு நியாயமான காரணமாகாது என்று ஃபிஃபாவின் தகராறு தீர்வு அமைப்பு பலமுறை முடிவு செய்திருக்கிறது. ஆகவே கிளப் தானாக முறித்தால் பதில் சொல்ல வேண்டியது கிளப். நீங்கள் கையெழுத்திட்டவுடன் முறித்தவர் என்று யாரும் இல்லாமல் போகிறார்கள், நிரூபிக்கும் சுமை உங்கள் தலைக்கு மாறிவிடுகிறது.

கையெழுத்திட்டதாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதும் உண்மைதான். வற்புறுத்தலால் பெற்ற தீர்வு ரசீது உரிமையை அடைத்துவிடாது என்று போகரா பாலிஃபாப் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நோயாலோ உடல் வேதனையாலோ மனத்திறன் பாதிக்கப்பட்டிருப்பவரிடம் பெறும் சம்மதத்தை ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் ஐயத்தோடுதான் பார்க்கிறது. ஆனால் ஜீனஸ் பவர் வழக்கில் 2014இல் அதே நீதிமன்றம், விவரமில்லாமல் வற்புறுத்தினார்கள் என்று மட்டும் சொன்னால் போதாது என்று கூறி, எதிர்ப்புக் கடிதம் ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து வந்ததையும் சுட்டிக்காட்டியது. என் மேசைக்கு வருகிறவர்கள் மூன்று மாதம் கழித்து வருகிறார்கள்.

“பாக்கியத் தர்றோம்னு சொன்னாங்கண்ணா, அதான் போட்டுட்டேன்” என்றார் அண்மையில் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கோல்கீப்பர். அவர் கையெழுத்திட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது என்பதால், அன்று மாலையே மின்னஞ்சலிலும் விரைவு அஞ்சலிலும் எதிர்ப்புக் கடிதம் அனுப்ப முடிந்தது: எந்த அறையில், யார் முன்னிலையில், என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது வரை.

பணம் வாங்கியே தீர வேண்டிய நிலையென்றால், கையெழுத்துக்கு மேலே “பாக்கியில் ஒரு பகுதியாக, என் மற்ற உரிமைகளுக்குக் குந்தகமின்றிப் பெற்றுக்கொண்டேன்” என்று கையால் எழுதி, தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத விடமாட்டோம் என்றால், அந்த மறுப்பையே அன்றிரவு மின்னஞ்சலில் எழுதுங்கள். உண்மையில் பாக்கியை வாங்க இந்தத் தாளே தேவையில்லை. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவித்து, அதற்குள்ளும் தராவிட்டால் வீரரே நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்க 2018 முதல் ஃபிஃபா விதி இடமளிக்கிறது. இரு தரப்பும் இந்தியராக இருந்தால் முறையீடு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் வீரர்கள் நிலைக் குழுவுக்குப் போகும்.

கிளப் மருத்துவரின் அறிக்கையோடு நின்றுவிடுவது

வேறொரு மருத்துவரிடம் இன்னொன்று வாங்குங்கள்.

‘ஓராண்டு வேறெங்கும் ஆடக் கூடாது’ என்ற வரிக்கு அஞ்சுவது

ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரைதான் அந்த வரிக்கு உயிர். முடிந்த பிறகும் தொழிலைத் தடுக்கும் நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை அவருடைய முன்னாள் மேலாண்மை நிறுவனம் ஒப்பந்தக் காலம் முடிந்தும் கட்டிவைக்க முயன்றபோது, 2006இல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது.

நடுவர் தீர்ப்புப் பிரிவைப் பார்க்காமல் வழக்குப் போடுவது

உதகை காக்காத்தோப்பு நீதிமன்றத்தில் கட்டணம் கட்டி வழக்குத் தொடுத்த பிறகு, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு, அதாவது தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவரிடம் விட வேண்டும் என்ற நிபந்தனை, இருப்பதைக் கிளப் காட்டினால், 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி வழக்கு நடுவரிடம் போய்விடும். ஒரே நடுவரைக் கிளப்பே நியமிக்கும் என்று எழுதியிருந்தால் மட்டும் தயங்காமல் எதிர்க்கலாம். ஒரு தரப்பு மட்டும் தனி நடுவரை நியமிப்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு ஏற்க மறுத்திருக்கிறது.

வாட்ஸ்அப் செய்திகளை அழிப்பது

அழிக்காதீர்கள்.

கெடுவைத் தவறாக எண்ணுவது

ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டுகள். காப்பீட்டு நிறுவனத்தின் மீது நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டுகள். 30 நாளுக்குள் கேட்காவிட்டால் உரிமை போய்விடும் என்று ஒப்பந்தத்தில் அச்சிட்டிருந்தாலும், அப்படி உரிமையை அழிக்கும் நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி செல்லாது. குன்னூரிலிருந்து வந்த ஒரு நடுக்கள வீரர் அந்த வரியை நம்பி, முப்பத்தோராம் நாளிலிருந்து யாரிடமும் எதுவும் கேட்காமல், ஏழு மாதமாகத் தம் மாமாவின் கேரட் லாரியில் மேட்டுப்பாளையத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.