சீன மருத்துவத்தில் அறிகுறிகளின் கடுமையை எண்ணாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனப் பாரம்பரிய மருத்துவர் நோயாளியைப் பார்த்தும், குரலையும் வாடையையும் கவனித்தும், வினவியும், நாடி தொட்டும் 'ஜெங்' எனப்படும் நோய்நிலையைத் தீர்மானிக்கிறார். அதற்குரிய அறிகுறிகளை இல்லை, லேசு, நடுத்தரம், கடுமை என நான்கு படிகளாகப் பிரித்து, துணை அறிகுறிகளுக்கு 0, 1, 2, 3 என்றும் முதன்மை அறிகுறிகளுக்கு 0, 2, 4, 6 என்றும் மதிப்பெண் இட்டுக் கூட்டுவது சீன மருந்தாய்வுகளில் பரவலான வழக்கம். பிழைகள் பலவும் இங்கேயே தொடங்கிவிடுகின்றன.

இந்த எண்கள் படிகளின் வரிசையைச் சொல்கின்றனவே தவிர, படிகளுக்கு இடையிலுள்ள தூரத்தைச் சொல்வதில்லை. சிறுநீரக யாங் குறைவு (உடலைச் சூடாக்கும் ஆற்றல் குன்றியதாகச் சீன மருத்துவம் கருதும் ஒரு ஜெங்) உள்ளவருக்குக் குளிர் தாங்காமை லேசிலிருந்து நடுத்தரமாவதும், நடுத்தரத்திலிருந்து கடுமையாவதும் சம அளவான மாற்றம் என்று கொள்ள அவற்றில் ஆதாரம் எதுவும் இல்லை. ஆகவே ஒற்றை அறிகுறிக்குச் சராசரி காண்பதைவிட, வரிசைத் தரவுக்கென அமைந்த முறைகளைக் கையாள்வதே முறை. முதன்மை அறிகுறிக்கு இருமடங்கு எடை என்பதும் வல்லுநர் வகுத்த மரபுதான். எடையை மாற்றிக் கணக்கிட்டாலும் முடிவு நிலைக்கிறதா என்று பார்க்காமல் அதை நம்பக் கூடாது.

எனக்கு மிகுந்த கவலை தருவது குணமடைந்த விகிதத்தைக் கணக்கிடும் முறை. சிகிச்சைக்கு முந்தைய மொத்தத்திலிருந்து பிந்தையதைக் கழித்து, முந்தையதால் வகுத்து, 70 விழுக்காட்டைத் தொட்டால் 'சிறந்த பலன்', 30 விழுக்காட்டைத் தொட்டால் 'பலன்' என்று பிரிக்கிறார்கள். 4 மதிப்பெண்ணிலிருந்து 1-க்கு இறங்கியவர் 75 விழுக்காட்டுடன் 'சிறந்த பலன்' பட்டியலில் சேர்கிறார். 24-லிருந்து 12-க்கு இறங்கி, முன்னவரின் 3 மதிப்பெண் இறக்கத்தைப் போல் நான்கு மடங்கு இறக்கம் கண்டவரோ 50 விழுக்காட்டுடன் கீழ்ப்பட்டியலில் நிற்கிறார். அதன்பின் 'சிறந்த பலன்', 'பலன்' இரண்டையும் சேர்த்து ஒரே மொத்த விகிதமாக வெளியிடும்போது, 31-க்கும் 75-க்கும் உள்ள வேறுபாடுகூட மறைந்துபோகிறது. தொடக்க மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்து இறுதி மதிப்பெண்களை ஒப்பிடும் இணைமாறிப் பகுப்பாய்வு இந்தச் சிதைவைப் பெரிதும் தவிர்க்கும்.

மதிப்பெண் மிகுந்தவர்களை மட்டும் ஆய்வில் சேர்த்தால், மருந்தே தராவிட்டாலும் அடுத்த அளவீட்டில் அவர்களுடைய சராசரி குறையவே வாய்ப்பு அதிகம். ஒப்பீட்டுக் குழு இல்லாத 'முன்–பின்' ஆய்வுகள் இந்த இறக்கத்தையும் மருந்தின் பலனாகவே எழுதிவிடுகின்றன.

அளப்பவரைச் சோதிக்காமல் அளவையை நம்புவது இன்னொரு தவறு. இரு மருத்துவர்களின் ஒப்புமையை வெறும் விழுக்காடாகக் காட்டாமல், தற்செயலான ஒப்புமையை நீக்கும் கோஹன் கப்பா என்ற புள்ளியியல் அளவையை, அதிலும் 1968-இல் வந்த எடையிட்ட வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும்; லேசு–நடுத்தர முரண்பாட்டையும் இல்லை–கடுமை முரண்பாட்டையும் அது ஒன்றாகப் பாவிக்காது. விரலடியில் வழுக்கிச் செல்லும் வழுக்கு நாடி, வில் நாண்போல் விறைத்த நாண் நாடி போன்றவை நாடியின் வகைகள். அவற்றைப் படிகளாக வரிசைப்படுத்துவது பொருந்தாது. நாக்கின் நிறத்தை அறையின் ஒளியும், நாக்குப் படிவின் நிறத்தைச் சற்று முன் குடித்த காப்பியும் மாற்றிவிடும் என்பதால், பார்க்கும் சூழலை ஒரே சீராக வைத்திருக்க வேண்டும்.

'சிறுநீரக யாங் குறைவு' என்று முடிவெடுத்துவிட்ட மருத்துவரே இரவில் சிறுநீர் கழிக்கும் தொல்லைக்கும் மதிப்பெண் இட்டால், அவரது முடிவு மதிப்பெண்ணுக்குள் புகுந்துவிடும்; முதிய ஆண்களிடம் அந்தத் தொல்லை புராஸ்டேட் வீக்கத்தாலும் வரும் என்பதை அவர் கவனிக்காமல் போகலாம். அறிகுறிகளை ஒருவர் பதிவு செய்து முடித்த பிறகே, நோய்நிலையை வேறொருவர் தீர்மானிக்கும்படி ஆய்வை அமைக்க வேண்டும்.